ஒரே ஓர் எண்ணைக் காட்டிக் கண்புரை அறுவைக்கு அவசரப்படுத்தினார்கள்

ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டும் என் அண்ணனுக்கு, இரவில் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எதிர்வண்டியின் முகப்பு விளக்கு சிதறித் தெரியும் தொல்லை சில மாதங்களாக இருந்தது. சேலத்தில் தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். கண்ணாடி அணிந்து எழுத்துப் பலகையில் இயல்பான பார்வைக்குரிய 6/6 வரி வரை வாசித்தார். ஸ்லிட் லேம்ப் என்னும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில் பார்த்த மருத்துவர், ஆரம்ப நிலைப் புரை என்று சொல்லி, ஒளிச்சிதறலை அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அந்தப் பரிசோதனையின் மீது எனக்குக் குறை இல்லை. பலகையில் உள்ள கறுப்பு எழுத்தைத் தெளிவாக வாசிப்பவருக்கும் விளக்கொளி கூசுவது உண்டு என்பதால், அதைத் தனியே அளப்பது நியாயமே. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளிப்புள்ளி ஒன்றை விழித்திரையில் விழச்செய்து, அது திரும்பி வரும் பிம்பத்தைக் கேமராவில் பதிவுசெய்கிறார்கள். பிம்பத்தின் மையத்தில் உள்ள ஒளியோடு, அதைச் சுற்றி 12 முதல் 20 கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்) வரையுள்ள வளையத்தில் சிதறிய ஒளியை ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதமே ஓ.எஸ்.ஐ. (ஒளிச்சிதறல் குறியீடு) என்னும் எண். பொதுவாக அது 1க்குள் இருந்தால் தெளிவான கண் என்றும், 1 முதல் 3 வரை ஆரம்பப் புரை என்றும் கொள்கிறார்கள்.

அண்ணனுக்கு 4.2 என்று வந்தது. உடனே ஆலோசகர் என்ற பெயரில் அமர்ந்திருந்த பெண், "சார், நாலு தாண்டிடுச்சு, தள்ளிப்போட்டா கண்ணே போயிடும், இந்த வாரமே பண்ணிடுங்க" என்று சொல்லி, விலை உயர்ந்த லென்ஸின் பட்டியலை நீட்டி, முன்பணமாக 10,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார். மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் தியேட்டரில் இருக்கிறார் என்றே பதில் வந்தது. ஆரம்பப் புரை ஒரு வாரத்தில் பார்வையைப் பறித்துவிடும் நோய் அல்ல. இதைச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்துவது எனக்கு அருவருப்பாக இருந்தது.

கோயம்புத்தூரில் வேறொரு மருத்துவரிடம் காட்டியபோதுதான், அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்வியே எழுந்தது. அண்ணனுக்கு ஒன்றரை அளவு சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை, உண்டு. கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறையை அந்தக் கருவி ஓரளவுக்குத் தானே சரிசெய்துகொள்ளும். சிலிண்டர் அரைக்கு மேல் இருந்தால் அதற்குரிய லென்ஸை முன்னே பொருத்தியாக வேண்டும். சேலத்தில் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்களே தவிர எதையும் பொருத்தவில்லை. மேலும், ஏசி அறையில் நெடுநேரம் காக்கவைத்து, இமைக்காமல் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள். கண்ணீர்ப் படலம் உலர்ந்து உடைந்தாலே சிதறல் கூடிவிடும்; அந்தப் பழியும் புரையின் தலையில்தான் விழும். உரிய லென்ஸோடு, நன்றாக இமைத்த பிறகு எடுத்ததில் 1.7 வந்தது. கண் உலர்வுக்குச் சொட்டு மருந்தும், புதிய கண்ணாடியும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். கூச்சம் தொழிலுக்கு இடையூறாக வளர்ந்தால் அப்போது அறுவையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

சேலத்தில் இந்தப் பரிசோதனைக்குச் செல்பவர்கள், சிலிண்டருக்கு லென்ஸ் பொருத்தினார்களா என்று அங்கேயே கேளுங்கள். எண்ணை மட்டும் எழுதித் தரும் சீட்டை ஏற்காமல், பிம்பத்தோடு கூடிய அச்சுப்பிரதியை வாங்குங்கள். எங்களுக்கு அதைத் தர மறுத்தார்கள். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன என்பதை எழுத்தில் குறிப்பிட்ட பிறகே பிரதி கைக்கு வந்தது. முன்பணத்தில் பாதியைக் கோப்புக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க இருக்கிறோம்.