ஸ்பிரிங் எம்விசியில் ரேடியோ பட்டன்: எல்லாம் சரி, காலி விடை மட்டும்தான் தலைவலி

"கடையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மாற்றிச் சேமித்த பிறகும் டெலிவரி நேரம் பழையபடியே நிற்கிறதே, ஏன்?" நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஜாவாவில் இணையச் செயலி எழுத உதவும் ஸ்பிரிங்கில் நெடுநாளாக ஃபார்ம் எழுதுகிற எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபீல்டை ஈனமாக (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) வைத்தால் வேலை அருமையாக நடக்கிறது. பக்க வார்ப்புருக் கருவியான தைம்லீஃபில் டிஎச்:ஃபீல்டும் (th:field) டிஎச்:வேல்யூவும் (th:value) கொடுத்தால் போதும், செக்டு (தேர்வான பட்டன்) எது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். மதிப்பில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் டைப்மிஸ்மேட்ச் (வகை பொருந்தவில்லை) பிழை, ஃபார்ம் பிழைகளைச் சேர்த்து வைக்கும் பைண்டிங்ரிசல்ட்டில் வந்து நிற்கும். மாடல் ஆப்ஜெக்டுக்கு அடுத்த பாராமீட்டராகவே பைண்டிங்ரிசல்ட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிழை வந்ததும் நேரே 400 (தவறான கோரிக்கை) பதில்தான்.

இனி எரிச்சலுக்கு வருவோம். எதுவும் தேர்வாகாத ரேடியோவையும் டிசேபிள் ஆன ரேடியோவையும் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. நண்பரின் ஃபார்மில் கடைக்கு மாற்றியதும் டெலிவரி நேர ரேடியோ அப்படித்தான் டிசேபிள் ஆகிறது. வராத ஃபீல்டை ஸ்பிரிங் தொடாது. ஆப்ஜெக்ட் செஷனிலிருந்தோ டேட்டாபேஸிலிருந்தோ வந்திருந்தால் பழைய மதிப்பு சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். மதிப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கும் @நாட்நல் (@NotNull) போட்டாலும் பிடிபடாது, மதிப்புதான் இருக்கிறதே! இது எச்டிஎம்எல் வழக்கம், ஸ்பிரிங்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் செக்பாக்ஸுக்கு பெயருக்கு முன் அண்டர்ஸ்கோர் போட்ட ஹிடன் (கண்ணில் படாத) ஃபீல்டைத் தானே சேர்க்கிற அதே டேக் நூலகம் ரேடியோவைக் கைவிட்டிருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீங்களே அந்த அண்டர்ஸ்கோர் ஃபீல்டைச் சேர்க்கலாம். ஈனத்துக்கு நல் (null, மதிப்பே இல்லை) வரும். ஆம்/இல்லை மதிப்பான பூலியனுக்கு, நல்லையும் ஏற்கும் ரேப்பர் வகையாக (Boolean) இருந்தாலும், ஃபால்ஸ் வரும். விடையே சொல்லாதவர் 'இல்லை' என்று சொன்னதாகப் பதிவாகிவிடும். ரேப்பர் வகையாக இருந்தால் அங்கே பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டு, மதிப்பைக் காலியாக விட்ட ஹிடன் ஃபீல்ட் வையுங்கள், நல் கிடைக்கும். எது வைத்தாலும் டிசேபிள் ஆகிற ஃபீல்ட்செட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே இருந்தால் அதுவும் சேர்ந்தே முடங்கும். ரேடியோவின் பெயரிலேயே காலி ஹிடன் வைப்பது படுகுழி: இரண்டு மதிப்பும் வரும், ஈனத்துக்கு முதலாவதான காலிதான் போய்ச் சேரும், ஸ்ட்ரிங்காக இருந்தால் இரண்டும் கமாவோடு ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம்விட, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது டிடிஓ (ஃபார்ம் தரவை மட்டும் சுமக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்கி, ரேப்பர் வகையோ ஈனமோ வைத்து, சரிபார்த்த பிறகு டேட்டாபேஸுக்குப் போகிற என்டிட்டிக்கு நகலெடுப்பதே மேல். வராதது நல் (null) ஆகவே இருக்கும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரத்தக்க வசதிதான். நண்பரின் லாகைப் பார்த்து முடித்த கையோடு கேட்டால் இரண்டுக்கு மேல் தரமாட்டேன்.