பிறந்த மாதத்தைத் தாண்டிப் பிள்ளையைப் பார்க்கும் கால்பந்து அகாடமி: ஒரு பெற்றோரின் விமர்சனம்

இந்த அகாடமியில் புல்தரை நன்றாக இருக்கிறது, கோச்சுகள் பொறுமையாகப் பேசுகிறார்கள், நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிக்கிறார்கள் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாமே உண்மை, அதையே நானும் திரும்ப எழுத வேண்டியதில்லை. என் மகன், மகள் இரண்டு பேரும் இங்கேதான் விளையாடுகிறார்கள். அவன் தன் வயதுப் பிரிவிலேயே கடைக்குட்டி, அவள் வயதுக்கு மீறி வளர்ந்தவள். அதனால் என் கண் முழுக்க ஒரே விஷயத்தின் மேல்தான் இருந்தது. ஒரே பிரிவில் நிற்கும் பிள்ளைகளுக்குள் மாதக் கணக்கிலும் உடல் வளர்ச்சியிலும் இருக்கும் வித்தியாசத்தை இவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள்? அதில் இவர்கள் செய்கிற அளவுக்கு வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் கடைசியில், செலக்‌ஷன் என்று வரும்போது கோட்டை விடுகிறார்கள். இரண்டையும் எழுதுகிறேன்.

வயதுப் பிரிவுகளைப் பிரிக்கும் கட்-ஆஃப் தேதி ஜனவரி 1. என் மகன் பிறந்தது டிசம்பரில். அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவனும் இவனும் ஒரே பிரிவு, ஆனால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். முப்பது வயதில் அது ஒன்றுமே இல்லை, எட்டு வயதில் அது வாழ்ந்த வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு. ஓட்டத்தில் தெரியும், உதையின் வேகத்தில் தெரியும், கோச் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதில்கூடத் தெரியும். அதைப் பார்ப்பவர்கள் ‘திறமை’ என்று குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் நடப்பதுதான் கொடுமை. ‘திறமைசாலி’ என்று எடுக்கப்பட்டவனுக்கு நல்ல கோச், அதிக மேட்ச், அதிக ஊக்கம் எல்லாம் கிடைக்கிறது, மூன்று நான்கு வருஷத்தில் அவன் நிஜமாகவே மற்றவர்களை விடச் சிறந்து விடுகிறான். பெஞ்சில் உட்கார்ந்தவன் ‘எனக்கு இது வராது’ என்று முடிவு செய்து விளையாட்டையே விட்டுவிடுகிறான்.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை வைத்து 1980களிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. கட்-ஆஃபுக்கு அடுத்த மாதங்களில் பிறந்தவர்கள் மேல்மட்ட அணிகளில் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தார்கள். அதைவிடத் தெளிவான சாட்சி பெல்ஜியம் கால்பந்து. அங்கே 1997 வரை ஆகஸ்ட் 1 கட்-ஆஃப், அப்புறம் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு இளையோர் அணிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளின் ஆதிக்கம் சரிந்து, ஜனவரி, பிப்ரவரி பிள்ளைகள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பிள்ளைகளின் கால்கள் மாறவில்லை, தேதி மட்டும்தான் மாறியது.

முன்பு நாங்கள் போன ஒரு பயிற்சி மையத்தில் இதைப் பேச்சுவாக்கில் எடுத்தபோது, “பையன் கொஞ்சம் சாப்பிடணும் சார், உடம்பு வரணும்” என்று முடித்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். இங்கே சேர்த்த புதிதில் தலைமை கோச் முதலில் கேட்டதே பிறந்த தேதியைத்தான், அதுவும் விண்ணப்பத்தில் நிரப்புவதற்காக இல்லை.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஜெர்சி எண். தேர்வு நடக்கும் மேட்ச்களில் எண்ணை இஷ்டப்படி கொடுப்பதில்லை, வயது வரிசையில் கொடுக்கிறார்கள். பிரிவிலேயே மூத்தவனுக்கு 1, இளையவனுக்குக் கடைசி எண். கோட்டுக்கு வெளியே குறிப்பு எடுக்கும் கோச், 2ஆம் எண் பையன் 14ஆம் எண் பையனைத் தோளால் தள்ளிவிட்டுப் பந்தை எடுத்துப் போவதைப் பார்க்கும்போதே, இது மூத்தவன் இளையவனைத் தள்ளியது என்பதும் அந்தக் கணத்திலேயே கண்ணில் பட்டுவிடுகிறது. நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2017இல் வெளியான ஆய்வு. திறமை தேடும் ஸ்கவுட்களிடம் பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோதும் அவர்கள் மூத்த பிள்ளைகளையே உயர்வாக மதிப்பிட்டார்கள், எண்களை வயது வரிசையில் போட்டு அதைச் சொன்னபோதுதான் அந்தச் சாய்வு மறைந்தது. தெரிந்திருப்பது வேறு, பார்க்கும் நேரத்தில் கண்முன் இருப்பது வேறு. செலவே இல்லாத இந்தக் காரியத்தை மற்ற அகாடமிகள் ஏன் செய்வதில்லை என்பது எனக்கு இன்று வரை புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிறந்த மாதத்தால் வரும் வித்தியாசம் ஒன்று, உடல் முதிர்ச்சியால் வருவது இன்னொன்று. முதலாவது ஆறு ஏழு வயதிலேயே வேலையைக் காட்டும், அதிகபட்சம் பன்னிரண்டு மாதம்தான். இரண்டாவது பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல் வருகிறது, அதன் வீச்சு வருஷக் கணக்கு. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயது வாக்கிலும், ஆண் பிள்ளைகள் பதினான்கு வாக்கிலும் உச்ச வேகத்தில் வளர்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தில் ஒரு பையன் ஒன்பது பத்து சென்டிமீட்டர் வளர்வது சாதாரணம். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் குழந்தை முகத்தோடு நிற்பான். டிசம்பர் பிள்ளை சீக்கிரம் முதிர்வதும் உண்டு, ஜனவரி பிள்ளை தாமதமாக முதிர்வதும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பு. பார்க்க எளிமையான வேலைதான். ஷூ சாக்ஸ் கழற்றி, குதிகால் சுவரை ஒட்ட நிற்க வைத்து உயரம். பிறகு அளவு குறித்த ஒரு மரப்பெட்டியில் முதுகு நிமிர்த்தி உட்கார வைத்து, உட்கார்ந்த உயரம். பிறகு எடை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுக்கிறார்கள், ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. உட்கார்ந்த உயரம் எதற்கு என்று கேட்டேன். வளர்ச்சி வேகம் எடுக்கும்போது கால்கள் முதலில் நீளும், உடம்பு பின்னால்தான் வரும், அந்த விகிதத்தை வைத்துப் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று ஓரளவு சொல்லலாம் என்றார் கோச். பெற்றோரின் உயரத்தையும் சேர்த்து, பெரியவனானால் எவ்வளவு உயரம் வருவான், அதில் இப்போது எத்தனை சதவீதம் எட்டிவிட்டான் என்று கணக்கிடுகிறார்கள். எக்ஸ்-ரே எதுவும் தேவையில்லை.

அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் மாதத்தில் ஒரு மேட்ச். வயதைப் பார்க்காமல், வளர்ச்சியில் ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்து விளையாட வைப்பது. இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகள் 2015 வாக்கில் இப்படிப் போட்டிகள் நடத்தின, வளர்ந்த பின் வரக்கூடிய உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் எட்டிய பையன்கள் ஒரு குழுவாக. இங்கேயும் அதே முறைதான். என் மகனுக்கு இது எவ்வளவு நல்லது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பந்தை வாங்கித் திரும்பிப் பார்த்து பாஸ் கொடுக்க அவனுக்கு நேரம் கிடைக்கிறது, “டேய், இந்தப் பக்கம்” என்று மற்றவர்களைக் கூப்பிட்டு ஆட்டத்தை நடத்துகிறான். ஆனால் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது மறுபக்கம். சீக்கிரம் வளர்ந்த ஒரு பையன், தன் வயதுக்காரர்களிடம் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடியே கோல் போட்டுப் பழகியவன், தன்னைப் போலவே வளர்ந்த மூத்தவர்களிடம் அதே வித்தையைக் காட்டி மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தான். நான்காவது முறை, தலையை நிமிர்த்தி, ஒரே தொடுதலில் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு இடம் மாறி ஓடினான். அந்தப் பாடத்தை அவன் வயதுப் பிரிவு மேட்ச்சில் யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது, அங்கே அவனுக்கு அது தேவைப்படவே இல்லை.

மகள் விஷயம் வேறு. பத்து வயதிலேயே வளரத் தொடங்கிவிட்டாள். முந்தைய இடத்தில் “உயரமா இருக்கா” என்று கோல்கீப்பராக நிறுத்தியவர்கள், கடைசி வரை அங்கிருந்து நகர்த்தவே இல்லை. அவளுக்குப் பந்தோடு ஓடத்தான் ஆசை. இங்கே இந்த உயரம் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் மற்றவர்களுக்கும் வந்துவிடும், அதை நம்பி ஒரு இடத்தில் கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லி எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி ஆட வைக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் முதிர்வது எல்லா விளையாட்டிலும் சாதகமும் இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸில் தாமதமாக முதிர்பவர்கள்தான் நிற்கிறார்கள். உடம்பு மாறுகிற அந்த வருஷங்களில் விளையாட்டை விட்டுவிடும் பெண் பிள்ளைகள் ஏராளம். என் மகள் விடாமல் வருகிறாள், அதற்காகவே இந்தக் கோச்சுகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அளவெடுப்பால் இன்னொரு லாபம் காயம். வேகமாக வளரும் நாட்களில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி வருவது சகஜம், எலும்பின் வளர்ச்சித் தட்டில் தசைநார் இழுப்பதால் வருவது. இங்கே உயரம் திடீரென்று ஏறினால் குதிக்கும் பயிற்சியையும் வேக ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறார்கள். ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டுவதில்லை.

சரி, இப்போது குறைகள். அளவெடுத்த பிறகு தரும் ரிப்போர்ட்டில் எதிர்கால உயரத்தைப் புள்ளி வைத்துத் தசமத்தில் போடுகிறார்கள். அது தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. அந்தச் சூத்திரம் 1994இல் அமெரிக்க வெள்ளையினப் பிள்ளைகளின் அளவுகளை வைத்து உருவானது. அவர்களுக்கே சில சென்டிமீட்டர் முன்பின்னாக வரும், மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விதான். போதாக்குறைக்கு அப்பாக்கள் தங்கள் உயரத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள்! ஒரு எல்லையாக, ‘இதிலிருந்து இது வரை’ என்று போட்டாலே போதும்.

இரண்டாவது குறை என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது. ஒருமுறை ‘சீக்கிரம்’, ‘சராசரி’, ‘தாமதம்’ என்று பிரித்த பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது ஊர்ப் பேச்சு இல்லை. நான் சொன்னதும் நீக்கினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், இப்போது தனித்தனியாகத்தான் அனுப்புகிறார்கள். மகளிர் பிரிவுக்குப் பெண் கோச் தனி அறையில் அளவெடுக்கிறார். ஆனாலும் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் முதன்மை அணியைப் பாருங்கள், பாதிக்கும் மேல் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள். ஜெர்சி எண், அளவெடுப்பு, வளர்ச்சிக் குழு மேட்ச் என்று வருஷம் முழுக்கச் செய்துவிட்டு, கோப்பை என்று வந்ததும் பெரிய பையன்களையே எடுத்தால் என்ன அர்த்தம்? “லீக் விதியில் வயது மட்டும்தான் சார், அங்கே போய்ச் சின்னப் பையன்களை வைத்து ஆறு கோல் வாங்க முடியாது” என்றார் கோச். அவர் நிலைமை புரிகிறது. ஆனால் பெல்ஜியம் தாமதமாக வளர்பவர்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்து நடத்துகிறது, அது மாதிரி இரண்டாவது அணி ஒன்றை இவர்களும் அனுப்பலாம், பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. தாமதமாக வளர்பவர்கள் பிற்பாடு ஜெயிப்பார்கள், இங்கிலாந்து கால்பந்து வீரர் ஹாரி கேனைப் பாருங்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அவர் பிறந்தது ஜூலை 28, இங்கிலாந்தில் கட்-ஆஃப் செப்டம்பர் 1, அதாவது அவரும் தன் பிரிவில் கடைக்குட்டிகளில் ஒருவர், ஆர்சனல் கிளப் சிறுவயதிலேயே அவரை விட்டுவிட்டது, எல்லாம் சரி. தாக்குப்பிடித்து நின்றவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும், நடுவில் பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வருஷக் கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளையோ, சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். அடுத்த சீசனிலேயே முதன்மை அணியில் இடம் வேண்டும் என்று வருபவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் இடம். சேரப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அப்பா அம்மா உயரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லாமல் அளந்து கொண்டு போங்கள், கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. இரண்டாவது அணி வேண்டும் என்று தலைமை கோச்சிடம் எழுதிக் கொடுங்கள், நான் கொடுத்துவிட்டேன், இன்னும் நாலு பேர் கேட்டால் அடுத்த டிரையல்ஸுக்குள் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.