ஏசியைப் போட்டால் சூடு இறங்கிய வண்டி

என்னுடையது 2010 மாடல் சின்ன கார். பெட்ரோல், நாலு சிலிண்டர். 2016ல், 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது மீட்டரில் 1,38,000. வீடு திருவொற்றியூர், வேலை பாரிமுனைப் பக்கம். 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு வேலைக்குக் காரை எடுப்பது குறைந்துவிட்டது. ஆனாலும் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக, செவ்வாய்க்கிழமையானால் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போக என்று வாரத்தில் மூன்று நாளாவது ஓடிவிடும். மூன்று கோடைகளாக இந்த வண்டி என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதுகிறேன். பாதி தப்பு வண்டியுடையது, பாதி என்னுடையது.

முதல் தடவை சூடானது 2023 மே மாதம், எண்ணூர் விரைவுச் சாலையில். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டேன். டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் இருந்து கிளம்பி மேலே ஏற ஆரம்பித்தது. எல்லோரும் சொல்வதுபோல ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். அப்புறமும் ஏறியது. காசிமேட்டுக்கு முன்னால் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் உள்ளே உலை கொதிக்கும் சத்தம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார் ஒரு ஆட்டோக்காரர். "இன்னா சார், மூஞ்சி வேணாமா உனக்கு?" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். அவர் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த வெண்ணெய் மாதிரியான பிசுக்கை விரலில் எடுத்துக் காட்டினார். "தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு சார். ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட் இறக்கணும், லேத்துக்குக் குடுத்து ஃபேஸிங் பண்ணணும், 18,000 ஆவும்." ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு. ஆயிலில் தண்ணீர் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருந்ததால்தான் சரி என்று சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளில் உருப்படியாக ஒன்று செய்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற புளூடூத் அடாப்டர் ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கினேன். இன்ஜின் சூட்டை டிகிரி கணக்கில் போனில் காட்டும். முதலில் தெரிந்துகொண்டது, டாஷ்போர்டு முள் பொய் சொல்கிறது என்பது. என் வண்டியில் 78 டிகிரியிலும் அது நடுவில்தான் நிற்கிறது, 103லும் நடுவில்தான் நிற்கிறது. அது அசையும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும்.

ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ராத்திரி மணலி விரைவுச் சாலையில் காலியாக ஓட்டினால் 66 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. அதே வண்டி லாரி வரிசையில் நின்றால் 108. ஒரே இன்ஜின், தேவைக்கு மேல் குளிர்ச்சி, தேவைக்கு மேல் சூடு, இரண்டும். மூன்றாவதாக ஒன்று, அதை முதலில் நானே நம்பவில்லை. ஒருநாள் தூசி தாங்காமல் அம்மா கேட்டார் என்று வரிசையில் நின்றபடியே ஏசியைப் போட்டேன். 104ல் இருந்தது 97க்கு இறங்கியது.

இந்த நோட்டோடு தண்டையார்பேட்டையில் நண்பர் சொன்ன ஒரு பாயிடம் போனேன். அவர் ஆயில் மூடியைத் தொடவே இல்லை. "எப்ப சூடாவுது, நிக்கும்போதா, ஓடும்போதா?" என்றார். நிற்கும்போதுதான் என்றேன். ஏசி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டார். போனில் 98, 100, 102. முன்னால் இருக்கும் இரண்டு பேனும் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் வலது பக்க மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அது ஒருமுறை உதறிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. "கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. கரன்ட் வருது, மோட்டார்தான் எழும்பல." அப்புறம் ஏசியைப் போட்டார், இடது பேன் சுற்றியது. என் வண்டியில் ரேடியேட்டருக்கு ஒரு பேன், அதற்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு ஒரு பேன். ஏசி போட்டால் அந்த இரண்டாவது பேன் இழுக்கிற காற்றுதான் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது. காசிமேட்டில் ஏசியை அணைத்தபோது மிச்சமிருந்த ஒரு பேனையும் நானே அணைத்திருக்கிறேன். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பொதுவாக ஏசி இன்ஜினுக்குச் சுமைதான். மோட்டார் மாற்ற 1,800 ரூபாய்.

சரி, அந்த 66 டிகிரி? இன்ஜின் சூடேறும் வரை கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் மூடி நிற்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருக்கும் கூட்டைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமில்லை. 2019ல் ஒரு சர்வீஸின்போது, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், அடைச்சுக்கிட்டா வம்பு" என்று ஒருவர் கழற்றிப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் தலையாட்டியிருந்தேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். ஓடும் வண்டியில் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராது, வண்டியின் கம்ப்யூட்டரும் குளிர் இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விடும். லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 13க்கு வந்ததற்கும், செக் இன்ஜின் விளக்கு P0128 என்ற பிழைக் குறியீட்டோடு எரிந்ததற்கும் காரணம் இதுதான். அந்த வெண்ணெய்ப் பிசுக்கும் இதன் வேலைதான். இன்ஜின் சரியாகச் சூடேறாமல் குட்டித் தூரம் மட்டும் ஓடினால், உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் மூடிக்கு அடியில் ஆயிலோடு குழம்பி நிற்கும். ஆயில் ஸ்டிக்கைப் பார்த்தார் பாய், சுத்தமான ஆயில். சந்தேகம் தீர ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, நீலத் திரவத்தின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினார். கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டர் புகை கலந்து மஞ்சளாகும் என்றார். கால் மணி நேரம் பார்த்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. என் 18,000 ரூபாய் அந்தக் குழாயில் கண்ணுக்கு முன்னால் நின்றது.

புது தெர்மோஸ்டாட்டை மாட்டுமுன் வீட்டில் சோதித்தேன். நூலில் கட்டி அடுப்பில் வைத்த தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். அதன் மேல் 82 என்று பொறித்திருக்கிறது. 80 வரை கல்லு மாதிரி இருந்தது, 83 வாக்கில் தகடு மெதுவாக வாயைத் திறந்தது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். "ரசம் வெக்கிற பாத்திரம்தான் கிடைச்சுதா?" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

2024 கோடையில் வேறு மாதிரி. சூடு சரியாக இருந்தது, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது, கீழே சொட்டும் இல்லை. இதற்கு 150 ரூபாயில் விடை கிடைத்தது: ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மூடியில் 0.9 என்று போட்டிருப்பது அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம் இருக்கிற வரை வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் 100லேயே கொதித்து ரிசர்வ் பாட்டிலுக்குத் தள்ளிவிடும், ஆறின பிறகு திரும்ப இழுக்காது. குறைகிற கூலன்டுக்குப் பதிலாக வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்தேன். அது நான் செய்த பெரிய தப்பு. கடலோரத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பக்கெட்டைப் பார்த்தாலே தெரியும்.

அதன் பலன் 2025 ஏப்ரலில் வந்தது. சிறுவாபுரியில் இருந்து திரும்பும்போது, நல்லூர் டோல் தாண்டி 80 வேகத்தில் 106 டிகிரி. இந்தத் தடவை பாயிடம் போகுமுன் எனக்கே பாதி தெரிந்திருந்தது. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும், பேன் மேல் பழி போட முடியாது. தண்ணீர் ஓடவில்லை அல்லது சூடு வெளியேறவில்லை. வீடு வந்து சேர ஹீட்டரை முழுசாக வைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். "அடுப்படியில உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. 98க்கு இறங்கியது.

ரேடியேட்டரை இறக்கினோம். வெளியே உப்புக்காற்று பட்ட அலுமினியத் தகடுகள் கை வைத்ததும் அப்பளம் மாதிரி உதிர்ந்தன. கண்டென்சருக்கும் அதற்கும் நடுவில் லாரித் தூசி கம்பளம் மாதிரி படிந்திருந்தது. உள்ளே குழாய் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைத்துவிடுவார்கள். இது அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக். புதுசுதான், 3,800. அதோடு கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிப் பாதி கலந்து ஊற்றினோம். இப்போது டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

இடையில் ஐடிலில் ஒரு உதறல் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். போனில் வந்த பிழைக் குறியீடு இரண்டாவது சிலிண்டர் என்றது. அதில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்குக் கரன்ட் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு ஓட்டினேன், குறியீடும் மூன்றுக்கு மாறியது. காயில் மாற்றினேன், முடிந்தது.

15 வருடம் முடிந்து ஆர்சியும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. இப்போது லாரி வரிசையில் நின்றால் 97ல் பேன் போடுகிறது, 91ல் நிற்கிறது. வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது. கீழ் ஹோஸைக் கையால் அமுக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வருகிறது. அடுத்த சம்பளத்தில் அது.