உலக சுகாதார நிறுவனத்தின் 5–19 வயது வளர்ச்சி வரைபடங்கள்: பாடம் நடத்த எவ்வளவு உதவுகின்றன?

வளர்ச்சி வரைபடத் தாள்கள் மருத்துவரின் மேசைக்காக உருவானவை, வகுப்பறைக்காக அல்ல. ஆனாலும், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நூற்றுமானம், அதாவது பர்சென்டைல் என்பதை விளங்கவைக்க நான் பயன்படுத்திய பாடப்பொருள்களில், உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 5 முதல் 19 வயது வரையிலான தாள்களையே முதலில் பரிந்துரைப்பேன். அந்நிறுவனத்தின் இணையதளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே அவற்றை நோயறியும் கருவியாக அல்ல, கற்பிக்கும் கருவியாக மட்டுமே எடைபோடுகிறேன்.

நம் மாணவர்களுக்குப் பர்சென்டைல் புதிய சொல் அல்ல. 2019 முதல் ஜேஇஇ மெயின் தேர்வின் முடிவு அந்த வடிவில்தான் வருகிறது. 99 வாங்கியவர் வென்றார், 60 வாங்கியவர் பின்தங்கினார் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் உயர வரைபடத்தையும் பார்க்கிறார்கள். அந்த எண்ணத்தை முதல் அரை மணி நேரத்திலேயே கலைத்தாக வேண்டும். ஒரு பையனின் உயரம் 15-ஆவது நூற்றுமானத்தில் இருக்கிறது என்றால், அவன் வயதுள்ள நூறு பையன்களில் ஏறத்தாழ 15 பேர் அவனைவிடக் குட்டையானவர்கள், 85 பேர் நெட்டையானவர்கள் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண் என்றோ, இருக்க வேண்டிய உயரத்தில் பதினைந்து சதவீதம் என்றோ அதற்குப் பொருள் கிடையாது. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினாலும் யாராவது மூன்றாவது இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

இதை உணர்த்துவதற்கு இந்தத் தாள்களின் எளிமை பெரிதும் துணைசெய்கிறது. ஒவ்வொரு தாளிலும் 3, 15, 50, 85, 97 என ஐந்து கோடுகள் மட்டுமே உள்ளன. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனித் தாள்கள். கிடைமட்ட அச்சில் வயது ஆண்டும் மாதமுமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பதின்மூன்று வயது ஐந்து மாதத்தைப் பதின்மூன்று என்று வெட்டிவிடாமல் அதற்குரிய இடத்திலேயே புள்ளி வைக்கப் பழக்கலாம். குறை சொல்ல வேண்டுமானால் நிறங்களைச் சொல்வேன். நடுக்கோடு பச்சையாகவும், 3, 97 ஆகிய ஓரக்கோடுகள் சிவப்பாகவும் உள்ளன. சிவப்பைக் கண்டதும் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. உயரத் தாளில் 97-ஆவது கோட்டுக்கு மேல் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் நெட்டையான பெற்றோரின் நெட்டையான பிள்ளைதான் என்பதை ஆசிரியர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவர்களை உடனே கவரும் பயிற்சி, இருபாலருக்கும் உரிய உயரத் தாள்களை அருகருகே வைத்து நடுக்கோட்டை மட்டும் வாசிக்கச் சொல்வது. பன்னிரண்டு வயதில் பெண்களின் நடு உயரம் 151.2 செ.மீ., ஆண்களுடையது 149.1 செ.மீ. பதின்மூன்றில் இரண்டும் ஏறக்குறைய 156-இல் சேர்ந்துவிடுகின்றன. பதினான்கில் ஆண்கள் 163.2, பெண்கள் 159.8 என வரிசை மாறிவிடுகிறது. ஏழாம் வகுப்பில் கடைசி வரிசையில் நின்ற பெண்கள் பத்தாம் வகுப்பில் முன்வரிசைக்கு வந்த காரணத்தை அவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்த பயிற்சி கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு உரியது. பதினான்கு வயதுப் பையன்களில் நடு உயரத்தை ஒட்டி ஒரு செ.மீ. கூடினால் நூற்றுமானம் ஏறத்தாழ ஐந்து இடம் உயர்கிறது; 97-ஆவது கோட்டை ஒட்டி அதே ஒரு செ.மீ. கூடினால் ஒரு இடம்கூட முழுதாக உயர்வதில்லை. நடுவில் கூட்டம் நெருக்கமாகவும் ஓரங்களில் கலைந்தும் இருப்பதுதான் காரணம். இதிலிருந்து அளவீட்டின் துல்லியத்துக்குப் போகலாம். காலணியைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நின்று, பார்வை நேராக இருக்க, தலைமேல் மூலைமட்டம் வைத்து அளந்தாலும், காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒரு செ.மீ. வரை வேறுபடலாம். பகலெல்லாம் நிற்பதாலும் உட்காருவதாலும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் சற்றே அமுங்குகின்றன. அப்படியானால் 48, 52 என்ற இரண்டு நூற்றுமானங்களுக்கு இடையிலான வேறுபாட்டை எவ்வளவு பொருட்படுத்தலாம் என்ற கேள்வியை வகுப்பிடமே விட்டுவிடுவது நல்லது.

உடல் நிறை குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ தாளில் கோடுகளின் இடைவெளி சமமாக இல்லை. பதினான்கு வயதுப் பையன்களுக்கு நடு அளவு 19.0, இரண்டு திட்டவிலக்கம் (அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) கீழே போனால் 15.5, இரண்டு திட்டவிலக்கம் மேலே போனால் 25.9. கீழ்ப்பக்கம் மூன்றரை, மேல்பக்கம் ஏறத்தாழ ஏழு. உயரம் பெரும்பாலும் சமச்சீராகப் பரவுகிறது, எடை சார்ந்த அளவுகள் மேல்நோக்கிச் சாய்ந்து பரவுகின்றன என்பதை மாணவர்கள் ஓர் அளவுகோலை வைத்தே பார்த்துவிடலாம். பதினொன்றாம் வகுப்பில் புள்ளியியல் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. வயதுக்கேற்ற எடைத் தாள் மட்டும் பத்து வயதோடு நின்றுவிடுகிறது. பருவமடையும் காலத்தில் ஒரு பிள்ளையின் எடை கூடியிருப்பது உயரம் கூடியதாலா, உடல் பருத்ததாலா என்று எடை மட்டும் சொல்லாது என்பதே அதற்குக் காரணம். இந்த இல்லாமையும் ஒரு பாடம்தான்.

இந்தத் தாள்களின் மிக முக்கியமான வரம்பு தாளின் முகப்பில் தெரிவதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக இதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. குழந்தை எப்படி வளர வேண்டும் என்று அவை சொல்கின்றன. 5–19 வயதுத் தாள்கள் அப்படிப்பட்டவை அல்ல. பெரும்பாலும் 1960-களிலும் 1970-களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் அளக்கப்பட்ட பிள்ளைகளின் தரவைப் புதிய முறையில் மீண்டும் கணக்கிட்டு, ஐந்து வயதில் முந்தைய வரைபடத்தோடு பொருந்துமாறு இணைத்தவை அவை. எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரியாமல் நூற்றுமானம் சொல்வதில் பொருளில்லை. மாணவர்கள் கேட்கப் பழக வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே இந்தத் தாளைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. இதன் அருகில் ஐஏபி எனப்படும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட 5–18 வயது வரைபடத்தையும் வைக்க வேண்டும். பதினான்கு இந்திய நகரங்களில் எடுத்த அளவுகளிலிருந்து 33,148 பிள்ளைகளின் தரவை வடிகட்டி அது உருவாக்கப்பட்டது. சென்னையும் மதுரையும் அந்த நகரங்களில் அடங்கும். நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளே அதில் உள்ளனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே உயரத்தை இரண்டு தாள்களிலும் குறித்துப் பார்க்கும் மாணவர், பையன் மாறவில்லை, எண் மாறிவிட்டது என்பதைக் கண்ணால் காண்கிறார். ஐஏபி தாளின் பிஎம்ஐ பக்கத்தில் மேல் எல்லைகள் நூற்றுமானங்களாக இல்லாமல், வயதுவந்தவரின் 23, 27 ஆகிய அளவுகளுக்கு ஈடான கோடுகளாக உள்ளன. இந்தியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐ-யிலேயே நீரிழிவு போன்ற ஆபத்துகள் தொடங்குவதைக் கருத்தில் கொண்டு வகுத்த எல்லைகள் அவை. ஆனால் அதில் கோடுகள் அதிகம். முதல் பாடத்துக்கு நெரிசலானது. அதை இரண்டாவதாகக் கொடுப்பதே சரி.

இன்னொரு குறை இரண்டு வரைபடங்களுக்கும் பொது. கோடுகள் வெவ்வேறு வயதிலுள்ள வெவ்வேறு பிள்ளைகளை ஒரே காலத்தில் அளந்து வரையப்பட்டவை என்பதால், அவை வழவழப்பாக ஏறுகின்றன. எந்தப் பிள்ளையும் அப்படி வளர்வதில்லை. பருவ வளர்ச்சியின் உச்சத்தில் பெண்கள் ஆண்டுக்கு எட்டு செ.மீ. அளவுக்கும் ஆண்கள் ஒன்பது செ.மீ.க்கு மேலும் வளர்வதுண்டு. அந்தப் பாய்ச்சல் ஒருவருக்குப் பத்தரை வயதிலும் மற்றொருவருக்குப் பதினைந்திலும் வரலாம். எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது அது கரைந்துவிடுகிறது. ஒரு கற்பனைச் சிறுமியை வகுப்புக்குக் கொடுங்கள்: பத்து வயதில் 138.6 செ.மீ., பன்னிரண்டில் 155, பதினாறில் 162.5. உலக சுகாதார நிறுவனத்தின் தாளில் அவள் நடுக்கோட்டில் தொடங்கி, 50-க்கும் 85-க்கும் இடையே ஏறி, மீண்டும் நடுக்கோட்டுக்கே வருகிறாள். அவளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. பருவம் முந்தி வந்தது, அவ்வளவுதான். பிந்தி வளரும் பையனின் கதை இதற்கு நேர்மாறானது. அவன் பதின்மூன்றில் இறங்கி, பதினேழில் மீள்கிறான். வளர்ச்சியின் இந்தத் தாளகதியைப் பிரிட்டனின் ஜேம்ஸ் டேனர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தன்னைக் குட்டை என்று நம்பி ஒதுங்கி நிற்கும் ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைக் காட்டிய பிறகு அவன் முகம் தெளிவதைப் பார்த்த எந்த ஆசிரியரும் இந்தப் பகுதியைத் தவிர்க்க மாட்டார்.

அதே காரணத்தால், மாணவர்களின் சொந்த உயரத்தையும் எடையையும் வகுப்பில் அளந்து கரும்பலகையில் எழுதும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குண்டு, குட்டை, ஒல்லி என்ற கேலிகள் அந்த வயதில் ஆறாமல் தங்கிவிடும். கற்பனைப் பிள்ளைகளின் அளவுகளைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தால் பாடத்தில் எதுவும் குறைவதில்லை. தங்கள் அளவைக் குறித்துப் பார்க்க விரும்புபவர்கள் வீட்டில் செய்துகொள்ளட்டும். கவலையோடு வந்து கேட்கும் மாணவருக்கு ஒரே ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளோடு குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்வதுதான் முறை.

புள்ளிக்குரிய நூற்றுமானத்தை ஆந்த்ரோபிளஸ் என்ற இலவச மென்பொருள் உடனே கணக்கிட்டுத் தருகிறது. சரிபார்க்க அது போதும். கையால் குறிக்கும் பயிற்சிக்கு அது மாற்றாகாது. தாள்களை ஏ3 அளவில், வண்ணத்தில் அச்சிடுங்கள். ஏ4 நகலில் மாதப் பிரிவுகள் கண்ணுக்கு நெருக்கமாகி, புள்ளி ஓரிரு மாதம் தள்ளி விழுந்துவிடுகிறது. எழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி வகுப்புகளுக்கு அச்சுகளின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு என்றால், இதே வரைபடங்களின் திட்டவிலக்க வடிவத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்: 15, 85 ஆகிய கோடுகள் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு திட்டவிலக்கத் தொலைவில் விழுவதை, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாலே பார்த்துவிடலாம்.