பாதியும் இருமடங்கும்: புளியங்கொட்டையா, மணிச்சட்டமா, ஈர்க்குச்சிக் கட்டா?

36இல் பாதி எவ்வளவு என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 13 என்று பதில் வரலாம். 3இல் பாதி 1, 6இல் பாதி 3. நடுவில் மிஞ்சிய ஒரு பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளை விட்டுவிட்டது. 27இன் இருமடங்கை 414 என்று எழுதுவதும் இதே கோளாறுதான். 2க்கு 4, 7க்கு 14, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியாயிற்று. ஆக, எந்தப் பொருளை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரு பத்து உடைவதும் சேர்வதும் பிள்ளையின் கையில் நடக்கிறதா? இந்தக் கணக்கில் என் தேர்வு ஈர்க்குச்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வாய்ப்பாடு இருமடங்குக்கு உதவும், பாதிக்கு உதவாது. 18இல் பாதி கேட்டால் பிள்ளை முதல் வரியிலிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்து ஒன்பதில்தான் நிற்கும். முதலில் பொருள், வாய்ப்பாடு பிறகு.

புளியங்கொட்டை செலவில்லாதது. 12க்குள் நன்றாக வேலை செய்யும். "உனக்கொன்று, எனக்கொன்று" என்று பங்கு வைக்க அதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் 40 கொட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்தால் விடை வருமே தவிர, எண்ணின் உள்ளமைப்பு தெரியாது. பத்து என்பதே அங்கே கிடையாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டையும் மணியும் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

மணிச்சட்டம் உண்மையிலேயே நல்ல கருவி. நெதர்லாந்தில் கணிதக் கல்வி ஆய்வாளர் ஆட்ரியன் டிரெஃபர்ஸ் உருவாக்கியது. இரண்டு கம்பி, கம்பிக்குப் பத்து மணி, அதில் ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. மேலே 7, கீழே 7 தள்ளினால் சிவப்பு ஐந்தும் ஐந்தும் பத்து, வெள்ளை இரண்டும் இரண்டும் நாலு, மொத்தம் 14 என்று எண்ணாமலே கண்ணில் படும். 20க்குள் வேகம் வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை. 20ஐத் தாண்டியதும் நின்றுவிடும். நூறு மணிச் சட்டத்திலும் மணி கம்பியோடு பிணைந்தே இருக்கும். மூன்று வரிசையை இரண்டு பேருக்குப் பிரி என்றால் மூன்றாவது வரிசையை நடுவில் தள்ளிக் காட்டலாம், ஆனால் கையில் எடுத்துப் பிரித்துக் கொடுக்க முடியாது.

இனி ஈர்க்குச்சி. புதுத் தென்னந்துடைப்பம் ஒன்று போதும். அடிப்பகுதி தடிமன், நுனி மெல்லிசு, இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் 8 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். தடிமன் ஒன்றுபோல இல்லாவிட்டால் பிள்ளை எண்ணாமல் பருமனைப் பார்த்து "இதுதான் பெரிய பத்து" என்று சொல்லும். முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், குத்தும். 100 குச்சி, 12 ரப்பர் பேண்ட். சில மாதத்தில் ரப்பர் காய்ந்து அறுந்துபோகும், அதனால் கூடுதலாக வாங்கி வையுங்கள். கட்டுகளை நீங்களே கட்டி வைத்துவிடாதீர்கள். பத்து எண்ணிக் கட்டுவது பிள்ளையின் வேலை. தான் கட்டிய கட்டைத்தான் அது பத்து என்று நம்பும்.

இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 36 என்றால் மூன்று கட்டு, ஆறு உதிரி. பங்கைக் கட்டிலிருந்து தொடங்க வேண்டும். உதிரியிலிருந்து தொடங்கினால் மூன்று மூன்றாகப் பிரித்து முடித்தபின் ஒரு கட்டு மிஞ்சும், வேலையைத் திரும்பச் செய்ய நேரும். தட்டுக்கு ஒரு கட்டு வைத்தாயிற்று, ஒன்று நடுவில் நிற்கிறது. இங்கே வாயைத் திறக்காதீர்கள். பிள்ளை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ரப்பரை அவிழ்க்கலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். தலையாட்டினால் போதும். அவிழ்ந்த பத்தும் இருந்த ஆறும் 16, தட்டுக்கு எட்டு. ஒரு கட்டும் எட்டும், 18.

அப்படியே இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லுங்கள். எட்டும் எட்டும் 16, அதில் பத்தை எடுத்து அதே ரப்பரைத் திரும்பப் போட வேண்டும். மூன்று கட்டு, ஆறு உதிரி, பழைய 36. பாதியும் இருமடங்கும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்று எத்தனை முறை வாயால் சொன்னாலும், அவிழ்த்த ரப்பர் திரும்ப ஏறும்போது பதிவதுபோல் பதியாது. 27இன் இருமடங்கும் இதே வழிதான். நாலு கட்டு, 14 உதிரி. உதிரியில் பத்து கட்டாகும்போது 414க்கு இடமில்லாமல் போகிறது.

ஈர்க்குச்சிக்கு இன்னொரு குணம் உண்டு: ஒடிக்கலாம். 7ஐப் பங்கு வைத்தால் மூன்று, மூன்று, மிச்சம் ஒன்று. புளியங்கொட்டையிலும் மணியிலும் அது மிச்சமாகவே நிற்கும். குச்சியை நடுவில் ஒடித்தால் மூன்றரை. மூன்றரை மணி, ஒன்றரை கிலோ என்றெல்லாம் காதில் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது புதிய சொல்லும் இல்லை. முதல் சில வாரம் இரட்டைப்படை எண்களோடு நிறுத்திக்கொண்டு, ஒடிப்பதைப் பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒடித்துவிடும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். "6இன் இரட்டை" என்று சொல்லாதீர்கள். இரட்டை எண் என்பது 2, 4, 6 என்று இன்னொரு பாடத்தில் வரும், பிள்ளை குழம்பும். "இன்னும் அவ்வளவு" என்று தொடங்கி, பிறகு "இருமடங்கு" என்று பழக்குங்கள். அதுபோல, எண்ணிக்கைக்குப் பாதி என்ற சொல், ஒன்றில் பாதிக்கு அரை. பாதியில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி வீசம் என்று தமிழே படிப்படியாக இறங்கிப் போகிறது. ரூபாய்க்கு 16 அணா இருந்தது 1957 வரை. எட்டணா, நாலணா, இரண்டணா என்று பாட்டி சொன்னால் அதுவும் பாதிக் கணக்குத்தான்.

குச்சிக்கும் எல்லை உண்டு. 100க்கு மேல் கட்டுகள் தட்டில் அடங்காது. 40 பேர் உட்காரும் வகுப்பில் ஆளுக்கு நூறு குச்சி கொடுத்தால் பொறுக்கவே நேரம் போய்விடும். அங்கே இருவருக்கு ஒரு பை என்று 60 குச்சியோடு நிறுத்தலாம். விரல் பலம் குறைந்த பிள்ளைகளுக்கு ரப்பர் சரிப்படுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பத்துக் குச்சி கொள்ளும் சிறு டப்பா பொருத்தமாக இருக்கலாம்.

குச்சியை எப்போது எடுத்து வைப்பது? 52ஐச் சொன்னதும், எதையும் தொடாமல், "ரெண்டு ரெண்டு கட்டு, ஒன்றை அவிழ்க்கணும்" என்று பிள்ளை சொல்லும் நாளில். அதன்பின் கட்டுக்கு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று சிலேட்டில் வரையச் சொல்லுங்கள். அவிழ்க்க வேண்டிய கோட்டை அழித்துப் பத்துப் புள்ளி வைக்கும். 26 என்ற விடை அந்தப் புள்ளிகளிலிருந்தே வரும்.