பழைய ஸ்போரனுக்கு வாரா, சங்கிலியா? நான்கு வருஷ அனுபவம்

ஸ்போரன் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் என்கிற மடிப்புப் பாவாடைக்கு முன்னால் தொங்கும் பை. எடின்பரோவில் ஒரு பழம்பொருள் கடையில் என் ஸ்போரனை எடுத்தபோது அதற்கு வாரும் இல்லை, சங்கிலியும் இல்லை. வெள்ளைக் குதிரைமுடி, அதன்மேல் ஐந்து கறுப்புக் குஞ்சம், தலைப்பில் வெள்ளை உலோக முகப்பு. ஐந்து கறுப்புக் குஞ்சம் என்பது பிளாக் வாட்ச் என்கிற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பழைய முறை. முடியெல்லாம் உதிராமல் அப்படியே இருந்தது. வாரில் என்ன இருக்கிறது, எங்கேயும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். நான்கு வருஷத்தில் நான் அதிகம் மெனக்கெட்டது அந்த வாருக்காகத்தான்.

கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அதனால்தான் முன்னால் இந்தப் பை தொங்குகிறது. ஸ்போரன் என்கிற கேலிக் சொல்லுக்கே பணப்பை என்றுதான் பொருள். சாவி, போன், கொஞ்சம் சில்லறை எல்லாம் இதற்குள்தான். பையின் மொத்த பாரத்தையும் தாங்குவது பின்பக்கம் இருக்கிற இரண்டு பித்தளை வளையங்கள். அந்த வளையங்களைப் பிடித்திருப்பது சுண்டுவிரல் அகலமுள்ள இரண்டு தோல் காதுகள். பழைய ஸ்போரன் வாங்குபவர்கள் முன்பக்க அழகைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப்போட்டு இந்தக் காதுகளைப் பார்க்க வேண்டும்.

நான் திருப்பிப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகு. இடது காதை விரலால் தடவினேன். செங்கல் பொடி மாதிரி சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. ரெட் ராட் என்பார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோல், நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் இருந்து வந்த கந்தக டை ஆக்சைடைப் பல காலம் உறிஞ்சி, உள்ளே அமிலம் சேர்ந்து நார் நாராக அரித்துப்போவது. வந்தால் வந்ததுதான், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முதலில் தோல் எண்ணெய் தடவினேன், அது தப்பு. தோல் கறுத்துப் பிசுபிசுத்ததே தவிர உறுதி வரவில்லை. பிறகு வலது காதுக்கு, ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல் ஜி என்கிற பசையை மெல்லிய தூரிகையால் இரண்டு தடவை பூசினேன். பொடி உதிர்வது நின்றது. எண்ணெய் ஊறிய இடது காதில் அது சரியாகப் பிடிக்கவே இல்லை.

சரி, வாருக்கு வருவோம். முதலில் வாங்கியது ரெடிமேட் சங்கிலி வார்: இடுப்பின் பின்பக்கம் தோல், முன்னால் இரண்டு பக்கமும் சங்கிலி, முனையில் குமிழ் வைத்த சின்னத் தோல் நாக்கு. அந்த நாக்கு 16 மி.மீ. அகலம். என் வளையத்தின் உள் அகலம் 12 மி.மீ. நுழையவில்லை. வாங்கிய கடையில் கேட்டதற்கு, பழைய வளையத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பெரிய வளையம் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நூறு வருஷத்துக்கும் மேல் தாங்கிய வளையத்தைப் புது வாருக்காக வெட்டுவதா? நாக்கைக் கழற்றிவிட்டுச் சாவி வளையம் போட்டுச் சங்கிலியை நேரடியாக மாட்டினேன்.

எட்டு மாதம் கழித்து வெளிச்சத்தில் பார்த்தால், எஃகு உரசி உரசிப் பித்தளை வளையத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம். கில்ட்டிலும் சங்கிலி ஓடுகிற தடத்தில், இரண்டு இடுப்புப் பக்கமும், கம்பளி நூல் பிசிறி எழும்பியிருந்தது. கில்ட் ஒன்றும் மலிவான துணி அல்ல, எட்டு கெஜம் போகிற கனத்த கம்பளி. சங்கிலி பார்க்க அழகுதான். ஆனால் தினசரிக்கு அது வேண்டாம்.

இரண்டாவதாக, குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரிடம் வளையத்தின் அளவைக் கொடுத்து முழுத்தோல் வார் செய்து வாங்கினேன். பின்பக்கம் 22 மி.மீ., முனைகளில் குறுகி 11 மி.மீ. சங்கிலி வாரைவிட இரண்டு மடங்கு விலை. இதுவரை இந்த ஸ்போரனுக்குச் செய்த செலவில் உருப்படியானது இதுதான். முதல் மூன்று மாதத்தில் கொஞ்சம் இழுபட்டு ஒரு துளை உள்ளே போட வேண்டி வந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. கில்ட்டின் பின்பக்கத் துணிக் காதுகளுக்குள் வாரை விட்டுவிட்டால் கீழே சரிவதில்லை. பெல்ட் பக்கிளுக்குக் கீழே நான்கு விரல் விட்டு ஸ்போரனின் தலைப்பு நிற்க வேண்டும். அந்த உயரத்தில் நடக்கும்போது முடி சீராக இரண்டு பக்கமும் ஆடும். ஒரு துளை தளர்ந்தாலும் முழங்காலில் அடிக்கிறது.

ஆனால் மாலை விருந்துக்கு, வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டுடன், சங்கிலிதான் எடுப்பு. அதை விட மனமில்லை. அதனால் சங்கிலிக்கும் பித்தளை வளையத்துக்கும் நடுவில் 4 செ.மீ. நீளத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்று மாட்டுகிறேன். உலோகத்தோடு உலோகம் உரசாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஏதாவது அறுந்தால் முதலில் அறுவது அந்தத் துண்டாக இருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் மெல்லிசாக வெட்டுகிறேன்.

போன வருஷம் ஹாக்மனே இரவில், அதாவது டிசம்பர் 31, ஸ்ட்ரிப் த வில்லோ ஆட்டத்தில் அது நடந்தது. கைகோத்துச் சுற்றுகிற ஆட்டம். எதிரே வந்தவரின் கை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம், ஸ்போரன் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஓரமாக வந்து நெஞ்சு படபடக்கத் திருப்பிப் பார்த்தேன். தோல் துண்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. வளையம் இருந்தது, காது இருந்தது, காதின் பழைய தையல்கூட விடவில்லை. இப்போது ஆடப்போகும் முன் ஸ்போரனை இடுப்புப் பக்கமாகத் தள்ளிவிடுகிறேன், இங்கே பலரும் செய்வதுபோல.

வேறு சின்ன விஷயங்கள்: உள்ளே வைக்கும்போது வாரைக் கழற்றித் தனியாக வையுங்கள், சங்கிலி வெள்ளை முடியில் கறை ஏற்றும். தோல் வார் வாங்குவதற்கு முன் வளையத்தின் உள் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், வெளி அகலத்தை அல்ல.

எண்ணெய் தடவிய இடது காது மட்டும் இப்போது மெதுவாக நெகிழ்கிறது. சேணம் தைப்பவர் அதைப் பார்த்துவிட்டு, பின்னால் ஒரு மெல்லிய புதுத்தோலை அண்டக்கொடுத்து, பழைய ஊசித்துளைகள் வழியாகவே லினன் நூல் விட்டுத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதுத் துளை ஒன்றும் போட மாட்டார். அடுத்த மாதம் கொடுக்கிறேன்.