ரோமம் வெட்டும் கொட்டகையில் தெரிந்துவிடும்: ஆஸ்திரேலிய கிராமத்துக் காதல் நாவல்கள்

அட்டையில் அகலத் தொப்பி வைத்த பெண், பின்னால் செம்மண் தடம், யூட் என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று, சாயங்கால வெயில். ஆஸ்திரேலியாவில் 2000-க்குப் பிறகு அலையாகக் கிளம்பி இன்னும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கிராமத்துக் காதல் நாவல்களை இதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கிண்டிலில் கிடைப்பதால் ஈரோடு, காங்கயம், தாராபுரம் பக்கமும் இவற்றைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத நாவலும் வாடகை நூலகமும் பழகியவர்களுக்குக் கதைப்போக்கு புதிதல்ல. நகரத்தில் வேலை பார்த்த பெண் அப்பாவுக்கு முடியாமல் போனதும் பண்ணைக்குத் திரும்புகிறாள். கடன், வறட்சி, அண்ணனோடு தகராறு. பக்கத்துப் பண்ணைக்காரனோ கால்நடை மருத்துவரோ வந்து சேர்கிறான். முடிவு என்ன என்பது பத்தாவது பக்கத்திலேயே தெரியும்.

முடிவு தெரிந்த கதையை எதை வைத்து நல்லது, கெட்டது என்று பிரிப்பது? பண்ணையத்தை வைத்துத்தான். ஆடும் நிலமும் தெரிந்து எழுதியவர் கையில் காதலும் நம்பும்படி இருக்கிறது. தெரியாமல் எழுதியவர் கையில் இரண்டுமே நிற்பதில்லை. இந்த வகை நாவல்களில் தப்பாத விதி இது. கொங்கு வாசகருக்கு இதைக் கண்டுபிடிக்கும் தகுதி மற்ற எவரையும்விட அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது ரோமம் வெட்டும் காட்சி. நம்ம மேச்சேரி ஆட்டில் வெட்டி எடுக்க ரோமமே கிடையாது, அது கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. குரும்பை ஆட்டில் முரட்டு ரோமம் கொஞ்சம் உண்டு. அங்கே ரோமத்துக்கென்றே வளர்க்கிற மெரினோ ஆடோ வருசத்துக்கு நாலு, ஐந்து கிலோ இறக்கும். ஒரு பண்ணையின் வருசக் கணக்கே அந்தச் சில நாட்களில் முடிவாகும். வேலை காலை 7.30-க்குத் தொடங்கும். இரண்டிரண்டு மணி நேரமாக நாலு ஓட்டம், நடுவில் அரை அரை மணி தேநீர், மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு, 5.30-க்கு மெஷின் நிற்கும். ஆட்டை முந்தின நாளே தீனி காட்டாமல் அடைத்து வைப்பார்கள். வயிறு முட்டத் தின்ற ஆட்டை மடக்கி உட்கார வைத்தால் அது திணறி உதைக்கும், தரையும் அசிங்கமாகும்.

வெட்டுகிறவர் ஆட்டை இழுத்து வந்து தன் முழங்கால்களுக்கு நடுவே புட்டத்தில் உட்கார வைக்கிறார். முதலில் வயிற்று ரோமம், அழுக்கு அதிகம் என்பதால் அது தனிக்குவியல். பிறகு தொடை இடுக்கு, இடது பின்னங்கால், கழுத்து, இடது தோள். அப்புறம் ஆட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து வால் பக்கமிருந்து தலை வரை முதுகோடு நீள நீளமாக இழுக்கும் வெட்டு. கடைசியில் வலப்பக்கம் இறங்கி முடியும். இத்தனை நேரமும் இடது கை தோலை இழுத்துப் பிடித்தபடியே முன்னால் போகும். பிடி தளர்ந்து தோல் மடிந்தால் மெஷினின் சீப்பு சதையைக் கிழிக்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை மெஷின் ஓட்டினால் துண்டு துண்டாக விழுந்து இழையின் நீளம் போய்விடும், விலையும் போய்விடும். சரியாக வெட்டினால் ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று வரும். அதை வாரிக்கொண்டு போய் மேசைமேல் ஒரே வீச்சில் விரித்து, ஓரத்து அழுக்கைப் பிய்த்தெறிந்து, தரம் பிரித்து, பேல் என்கிற பெரிய மூட்டையில் அமுக்குவார்கள். ஒரு பேல் 110 கிலோவுக்குக் குறையக்கூடாது, 204 கிலோவைத் தாண்டக்கூடாது.

இந்த வரிசை தெரிந்தால் நாவலை எடைபோடலாம். கை தேர்ந்த ஆள் ஒரு நாளில் 150 ஆட்டைத் தாண்டுவார். நகரத்திலிருந்து வந்த கதாநாயகி முதல் நாளே அந்த எண்ணிக்கையைத் தொட்டால் புத்தகத்தை மூடிவிடலாம். அவள் தரையைக் கூட்டுவது, ரோமப் போர்வையை எறியத் தெரியாமல் சுருட்டிப் போடுவது, மூன்றாம் நாள் ஒழுங்காக விரிப்பது என்று எழுதியிருந்தால் எழுதியவர் கொட்டகையில் நின்றவர்.

மழை வந்தால் நடப்பது இன்னும் நல்ல சோதனை. ஆடு நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று வெட்டுகிறவர்கள் வாக்கெடுப்பு நடத்துவார்கள். நனைந்தது என்று முடிவானால் வேலை நின்றுவிடும், பண்ணைக்காரர் பேச்சு அங்கே எடுபடாது. ஈர ரோமத்தைப் பேலில் அமுக்கினால் கெட்டுப்போகும். நனைந்த ஆட்டோடு நாளெல்லாம் புரண்டால் தங்கள் உடம்புக்கும் ஆகாது என்பது அவர்கள் கட்சி. காதலர் இருவரும் பேச ஓய்வு நேரம் வேண்டும் என்றால் இந்த மழை நாளைத்தான் நல்ல எழுத்தாளர் பயன்படுத்துகிறார். மற்றவர்களுக்கு டயர் பஞ்சர் ஆகும்.

அடுத்து நாள்கணக்கு. செம்மறிக்குச் சினைக்காலம் 150 நாள், மேச்சேரிக்கும் மெரினோவுக்கும் ஒன்றேதான். கிடாயைப் பிப்ரவரியில் சேர்த்தால் ஜூலையில் குட்டி, அங்கே அது கடுங்குளிர். டிசம்பர் என்றால் வெயிலும் கோதுமை அறுவடையும். இந்தக் கணக்கு இடிக்கும் நாவல்கள் நிறைய. கிறிஸ்துமஸ் விருந்துக்கு முந்தின நாள் புயலில் குட்டியை இழுத்துப் போடும் காட்சி வந்தால், கிடாயை ஜூலையில் சேர்த்தார்களா என்று பின்னால் புரட்டிப் பாருங்கள். ஈ விவகாரமும் அப்படித்தான். நம்ம ஆட்டுக்குப் பெரும்பாலும் புண்ணில்தான் புழு வைக்கும். மெரினோவில் புண்ணே வேண்டாம், வால் பக்கத்து ரோமம் சாணியிலும் மூத்திரத்திலும் ஈரமாக இருந்தாலே ஈ முட்டையிட்டுவிடும். அதற்காக அந்த இடத்து ரோமத்தை இடையிடையே வெட்டுகிறார்கள். அங்குள்ள தோல் மடிப்பையே அறுத்து எடுக்கும் வழக்கமும் உண்டு, அதற்கு உலகம் முழுக்க எதிர்ப்பும் உண்டு. இந்தச் சங்கடத்தை மறைக்காமல் பக்கத்தில் வைக்கிற நாவலை மதிக்கலாம்.

நிலத்தைப் பற்றிய இடங்களில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கிடை போட்டு ஊர் ஊராக ஓட்டும் பக்கத்து ஆட்களுக்கு அந்நியமாகத் தெரிகிற பேடக் முறை, அதாவது வேலி போட்டுப் பிரித்த காடுகளில் மேயவிடுவது, கொறங்காடு தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், உள்ளே விட்டுக் கடவைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டை மேயவிட்டு மறுகாட்டை ஆறப்போடுவது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அங்கே கம்பி வேலி, பரப்பு மட்டும் மலைக்க வைக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆனா கிரீக் மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கோவை, ஈரோடு மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தாலும் அதற்கு எட்டாது.

புல்லும் பழைய சொந்தம். நாவல்களில் வரும் பஃபெல் புல் நம்ம கொழுக்கட்டைப்புல்லேதான். 1870-களில் ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு அங்கே போய்ச் சேர்ந்தது என்பார்கள், பிற்பாடு மேய்ச்சலுக்கென்றே விதைத்தார்கள். குவீன்ஸ்லாந்து மாட்டுக்காரர்களுக்கு அது வரம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2015-இல் களை என்றே அறிவித்துவிட்டார்கள், காரணம் காய்ந்தால் கடுமையாக எரிந்து நாட்டு மரங்களையும் சேர்த்துக் கொளுத்துகிறது. புல்லைக் காக்கிற பண்ணைக்காரனும் காட்டைக் காக்க வந்த பெண்ணும் மோதுகிற கதை என்றால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை நாம் அங்குள்ளவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வோம்.

வெளியாள் வந்து கடவைச் சாத்துகிற காட்சியும் அடிக்கடி வரும். எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே கறாரான வழக்கம். சாத்தியிருந்த கடவைத் திறந்துவிட்டால் கிடாய் மந்தையில் கலந்துவிடும். திறந்திருந்ததைச் சாத்திவிட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அடைபட்டு ஆடு தாகத்தில் செத்துப்போகும். நல்ல நாவலில் கதாநாயகன் கோபப்படுவது இதற்காகத்தான். நாய்த் தொல்லையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிங்கோ என்கிற காட்டு நாயைத் தடுக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் நாய் புகுந்து கடித்துப் போட்ட ஆடுகளோடு இழப்பீடு கேட்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்த அத்தியாயங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவல்களின் உயிர்நாடி, என் கணிப்பில், நிலம் யாருக்கு என்பது. காதல் அதைச் சுற்றி வளர்கிற கொடி. ஆஸ்திரேலியாவில் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், விடுபட்ட பிள்ளை கோர்ட்டுக்குப் போய்க் கேட்கலாம். ஆனாலும் வழக்கம் என்னவென்றால் மகனுக்குப் பண்ணை, மகளுக்குப் படிப்பும் கொஞ்சம் பணமும். பங்கு பிரித்தால் எந்தத் துண்டும் ஒரு குடும்பத்தைத் தாங்காது என்பார்கள். நிலத்தின் மதிப்போ கோடிகளில், கையில் காசு கிடையாது, மகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பேங்கில் வாங்கியாக வேண்டும். இதே பேச்சை நம்ம சாளைத் திண்ணையிலும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1989-இலேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. அப்படியும் பவுனும் சீரும் போட்டாச்சே என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நின்றபாடில்லை.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. கணவனை இழந்தவள் நிலத்தில் தன் பங்கைக் கேட்டால் என்ன ஆகும் என்பதே அந்தக் கதை. அதைப் படித்தவர்கள் ஆஸ்திரேலிய நாவலில் உயில் படிக்கும் காட்சியை மேலோட்டமாகத் தாண்ட மாட்டார்கள்.

இங்கேதான் பெரும்பாலான நாவல்கள் சறுக்குகின்றன. அலமாரியில் ஒளித்த இன்னொரு உயில் கிடைக்கிறது, அண்ணன் கெட்டவனாகிவிடுகிறான், பிரச்சினை தீர்கிறது. உண்மையில் அண்ணன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினைந்து வருசம் குறைந்த கூலிக்கு அப்பாவோடு உழைத்திருப்பான், 'என்னைக்கிருந்தாலும் உனக்குத்தானே' என்ற வாய்ச்சொல்லை நம்பி. எழுத்தில் ஒன்றும் இருக்காது. அவன் பெண்டாட்டிக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இருக்காது. அவனுக்கும் ஒரு நியாயம் கொடுத்து, சமையலறை மேசையில் கணக்கரையும் அம்மாவையும் உட்கார வைத்து, ஒரு அத்தியாயம் முழுக்கப் பேச வைக்கிற நாவல் கிடைத்தால் விடாதீர்கள். அதில் காதல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை.

காட்டுத்தீ இல்லாமல் ஒரு புத்தகமும் முடிவதில்லை. அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காற்று திரும்புவது. வடக்கிலிருந்து அடித்த சூட்டுக்காற்று சட்டென்று மாறித் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது, நீளமாக எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்வரிசையாகிவிடும். ஆள் அதிகம் சாவது அந்த நேரத்தில்தான். அதை எழுதாமல் தீப்பிழம்பை மட்டும் வர்ணித்தால் வீண். அடிபட்டவரைக் காப்பாற்றும் காட்சிகளும் வரும். விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவை அங்கே 1928-இலிருந்து இருக்கிறது. தூரத்துப் பண்ணைகளில் அவர்கள் கொடுத்த மருந்துப் பெட்டி இருக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் எண் போட்டிருக்கும், மருத்துவர் தொலைபேசியில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த எண்ணைச் சொல்லி நடக்கும் ஒரு இரவுக்காட்சி, பத்து முத்தக்காட்சிக்குச் சமம்.

நம்ம பக்கத்து வாசகர்கள் சொல்லும் குறைகளில் 'முதல் நூறு பக்கம் நகரவே மாட்டேங்குது' என்பதை ஏற்க முடியவில்லை. அந்த நூறு பக்கத்தில்தான் வறட்சி நடக்கிறது. தாய் ஆடுகளை இப்போதே விற்பதா, பார்லியும் வைக்கோலும் வாங்கிப் போட்டுக் காப்பாற்றுவதா என்று முடிவெடுக்கும் இடங்களைத் தாண்டிவிட்டால் பிற்பாடு வரும் மழைக்கு அர்த்தமே இல்லை. 'படுக்கையறைக் காட்சி அதிகம்' என்பது சில எழுத்தாளர்களுக்குப் பொருந்தும், வாங்கும் முன் விமர்சனத்தில் பார்த்துக்கொள்ளலாம். 'கதாநாயகன் எல்லாரும் ஒரே அச்சு' என்பது முழு உண்மை. தொப்பியைக் கழற்றினால் யார் யாரென்று தெரியாது.

வாசகர்கள் அதிகம் பேசாத பெரிய குறை ஒன்று உண்டு. நிலத்தின் உரிமையே கதையாக இருக்கும் இந்த நாவல்களில், அந்த நிலத்தின் பூர்வகுடிகள் பெரும்பாலும் இல்லவே இல்லை. நாலு தலைமுறைப் பண்ணை என்று பெருமை பேசுவார்கள், அதற்கு முன் யாருடையது என்ற கேள்வி எழாது. வட ஆஸ்திரேலியாவின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் குரிஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியேறியது 1966-இல். கூலிக்காகத் தொடங்கியது நிலத்துக்கான போராட்டமாக வளர்ந்து, 1975-இல் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளிப் போட்டார். பூர்வகுடிகளுக்குத் தங்கள் நிலத்தில் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட மாபோ தீர்ப்பு 1992-இல் வந்தது. இத்தனையும் நடந்த நாட்டில், பூர்வகுடி ஆள் ஒருவர் மாடு ஓட்டுபவராக இரண்டு வரிக்கு மட்டும் வந்து போவது பெரிய ஓட்டை. சமீபத்திய நாவல்கள் சிலவற்றில் மாற்றம் தெரிகிறது, போதாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாட்டுப் பண்ணைக் கதையை விட்டுவிட்டு ஆட்டுப் பண்ணைக் கதையில் தொடங்குங்கள். பரப்பு சிறியது, ஊர் பக்கத்திலேயே இருக்கும், உறவு முறைகள் நமக்குப் பழகியவை. கிண்டிலில் இலவச மாதிரிப் பக்கங்கள் வரும். அதில் ஆடு எத்தனை, ஏக்கர் எத்தனை, கடன் எவ்வளவு என்பதில் ஒன்றாவது வந்திருக்கிறதா பாருங்கள். கண் நிறமும் தோள் அகலமும் மட்டும் வந்திருந்தால் வாங்க வேண்டாம். தொடராக வருபவற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு ஜோடி என்பதால் எதில் தொடங்கினாலும் புரியும். வீட்டில் ஆடு வளர்க்கும் அம்மாவோ அப்புச்சியோ இருந்தால் கொட்டகை அத்தியாயத்தை மட்டும் அவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள், எழுத்தாளர் எங்கே தப்பு விட்டார் என்று அவர்களே பிடித்துவிடுவார்கள்.